தொழுகையைச் சுருக்கிய அழுகுரல்

  

மதீனத்துப் பள்ளிவாசல். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் இமாமாக முன்னின்று தொழ வைக்கின்றார்கள். பின்னே ஆண்களின் வரிசைகள். அவர்களுக்கும் பின்னே பெண்களின் வரிசைகள். நீண்ட நேரம் ஓதித் தொழ வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அண்ணலார் தொழுகையைத் தொடங்குகின்றார்கள். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பச்சிளங்குழந்தையின் அழுகுரல் எழுகின்றது. அவ்வளவுதான். நீளவிருந்த தொழுகை சுருங்கி விடுகின்றது. குழந்தையின் அழுகை தாயின் உள்ளத்தை எவ்வளவு வாட்டும் என்பதை அறிந்தே தாம் அவ்வாறு சுருக்குவதாகப் பெருமானார் (ஸல்) அவர்களே விளக்கமும் தந்திருக்கின்றார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ள செய்தி இது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழுதது குழந்தை. ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் நினைத்தது தாயை. பின் வரிசையில் யாரோ ஒரு பெண், முகம் தெரியாது, பெயர் தெரியாது, அவள் வாய் திறந்து எதுவும் கேட்கவுமில்லை. அல்லாஹ்வின் திருமுன் நிற்கும் அந்த நேரத்திலும் அவளுடைய மனம் படும் பாட்டை அந்த மாநபியின் செவி கேட்டது. அதற்காகத் தொழுகையையே சுருக்கினார்கள் என்றால், நம் வீட்டில் நம் கண் முன்னே இருக்கும் பிள்ளைத்தாய்ச்சியின் மனத்திற்காக நாம் எதைச் சுருக்கியிருக்கின்றோம்?

நம் வீடுகளில் குழந்தை பிறந்ததும் எல்லாக் கண்களும் தொட்டிலின் மீது திரும்பி விடுகின்றன. காதில் பாங்கு சொல்கின்றோம். நல்ல பெயராகத் தேடுகின்றோம். ஏழாம் நாள் முடியிறக்கி அகீகா கொடுக்கின்றோம். எல்லாம் நல்ல காரியங்கள்தாம். பெற்றவளிடமும் கேள்விகள் கேட்கத்தான் செய்கின்றோம். பத்தியம் சாப்பிட்டாயா? பால் சுரக்கின்றதா? வயிற்றைக் கட்டிக் கொண்டாயா? இவை அனைத்தும் உடலைப் பற்றிய கேள்விகள். “உன் மனம் எப்படியிருக்கிறதம்மா?” என்று கேட்பவர் எத்தனை பேர்?

பிறருக்குப் புத்தி சொல்லும் முன் என் பிழையை நான் ஒப்புக் கொள்ள வேண்டும். என் மனைவியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகின்றேன்.

எங்கள் தலைப்பிள்ளை என் மாமனார் ஊரில் பிறந்தான். மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் வேலையிலிருந்த எனக்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் விடுமுறை கிடைத்தது. மகனைக் காணும் ஆவலோடு போய்ச் சேர்ந்தேன். அறையினுள்ளே என் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அருகில் பிள்ளை அழுது கொண்டிருந்தான். அவள் திரும்பவில்லை. நான் பிள்ளையைத் தூக்கியதும் மெல்லிய குரலில் சொன்னாள்: “என்னங்க, எனக்கு இந்தப் பிள்ளை மேல ஒரு பாசமும் வரலைங்க. நான் கெட்டவளா?”

நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “அஸ்தஃபிருல்லாஹ் சொல்லு! பிள்ளையில்லாம எத்தனை பேர் ஏங்குறாங்க. அல்லாஹ் கொடுத்த நிஃமத்துக்கு நன்றி கெட்டுப் பேசுறியே!” என்றேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குணமாகி விட்டாள் என்று நினைத்து ஊர் திரும்பினேன். அவள் குணமாகவில்லை, பேசுவதை நிறுத்திக் கொண்டாள், அவ்வளவுதான்.

சில வாரங்கள் சென்று, நடுச்சாமத்தில் அவள் கிணற்றடியில் தனியே நெடுநேரம் நிற்பதை அவளுடைய சாச்சி கண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மையார் கூச்சல் போடவில்லை, ஊரைக் கூட்டவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, “நீ தூங்கும்மா, பிள்ளையை நான் பாத்துக்குறேன்” என்று மட்டும் சொன்னார்கள். அன்றிரவு முதல் அவள் பக்கத்திலேயே படுத்தார்கள். மறுநாள் வைத்தியரிடம் அழைத்துப் போனார்கள். அல்ஹம்துலில்லாஹ், நாலைந்து மாதங்களில் அவள் பழையபடி ஆனாள். இன்று அந்த மகனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர்.

பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் அவள் என்னிடம் சொன்னாள்: “அன்னிக்கு நீங்க சொன்ன மஸ்அலா சரிதாங்க. ஆனா நான் மஸ்அலா கேக்கலையே.”

சகோதரர்களே! கிதாபு ஓதிய எனக்குத் தெரியாதது அந்தச் சாச்சிக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நான் ஓதிய திருமறையிலேயே அந்தப் பாடம் இருக்கின்றது. ஓதினேன், உணரவில்லை.

மரியம் (அலை) அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல்

சூரா மரியமை எடுத்துப் பாருங்கள். பிரசவ வேதனை மரியம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு வந்து சேர்க்கின்றது. துணைக்கு ஒருவரில்லை. வேதனையும் ஊராரின் பழிச்சொல் பற்றிய அச்சமும் ஒருங்கே வாட்டுகின்றன. இதற்கு முன்பே நான் இறந்து, அடியோடு மறக்கப்பட்டவளாக ஆகியிருக்கக் கூடாதா என்று அந்தத் தாய் கதறி விடுகின்றார்கள்.

இப்படிக் கதறியவர் யார்? உலகப் பெண்களுக்கெல்லாம் மேலாக அல்லாஹ் தேர்ந்தெடுத்தவர். வாய்மை மிக்கவர், சித்தீக்கா, என்று குர்ஆனே பட்டம் சூட்டிய உத்தமி. அவர்கள் வாயிலிருந்தே பேறுகாலத்தில் அந்தச் சொல் வந்தது. அதைக் கேட்டு அல்லாஹ் கடிந்து கொண்டானா? உன் ஈமான் எங்கே போயிற்று என்று வினவினானா? இல்லை. கீழிருந்து வந்த குரல் நான்கு வகையான ஆறுதலைக் கொண்டு வந்தது.

முதலாவது, இதமான சொல். கவலைப்பட வேண்டாம் என்றே அது தொடங்குகின்றது. கண்டனமோ உபதேசமோ அதில் இல்லை.

இரண்டாவது, உடலுக்கு வேண்டியவை. காலடியில் நீரோடை, மரத்தில் கனிந்த பேரீச்சம்பழம். உண்ணவும் பருகவும் கண் குளிரவும் அனுமதி. பசித்த வயிற்றிலும் வறண்ட நாவிலும் ஆறுதல் சொல் இறங்காது என்பதைப் படைத்தவன் அறியானா?

மூன்றாவது, அவரால் இயன்ற ஒரு சிறு வேலை. மரத்தை உலுக்கும்படி கூறப்பட்டது. உலுக்காமலே பழத்தை உதிர்க்க வல்லவன் அல்லாஹ். ஆயினும், உன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை அந்தக் கைகளுக்கு வர வேண்டும் அன்றோ?

நான்காவது, ஊர் வாயிலிருந்து பாதுகாப்பு. யாராவது வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை. மௌன நோன்பு நேர்ந்திருப்பதாகச் சைகை காட்டினால் போதும் என்று கற்றுத் தரப்பட்டது. அப்போதுதான் பிரசவித்த பெண் எல்லோருக்கும் விளக்கம் கொடுத்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என் மனைவியின் சாச்சி செய்ததும் இதுதான். இதமான ஒரு சொல், உணவும் உறக்கமும், மெல்ல மெல்லப் பிள்ளையை அவள் கையில் கொடுத்து வாங்கியது, அக்கம்பக்கத்தாரின் கேள்விகளை வாசலிலேயே நிறுத்தியது. நான்கும் அங்கே இருந்தன.

மனம் வெறுமையாவது ஈமானின் குறைவா?

மூஸா (அலை) அவர்களின் தாயாரைப் பாருங்கள். அல்லாஹ்வின் உதிப்புப்படியே குழந்தையை ஆற்றில் விட்டார்கள். குழந்தை திரும்பி வரும் என்ற வாக்குறுதியும் அவர்களிடம் இருந்தது. அப்படியிருந்தும் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகி விட்டது என்று சூரா கஸஸ் எடுத்துரைக்கின்றது. அல்லாஹ் அந்த உள்ளத்தைப் பிணைத்து உறுதிப்படுத்தியிராவிட்டால், உண்மையை வெளியே சொல்லியிருப்பார்கள் என்ற நிலை. இறைவனின் வாக்கைப் பெற்ற தாய்க்கே மனம் வெறுமையாகுமென்றால், நம் வீட்டுப் பெண்ணுக்கு அப்படியொரு நிலை வந்தால் அதை ஈமானின் குறைவு என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

மருத்துவர்கள் இதைப் பற்றிச் சொல்வதையும் அறிந்து கொள்ளுங்கள். பிள்ளை பெற்ற மூன்று நான்கு நாளில் காரணமின்றி அழுகை வருவதும், எரிச்சல் தோன்றுவதும் மிகப் பல தாய்மாருக்கு நேர்வதுண்டு. உடலில் சுரக்கும் நீர்கள் திடீரென மாறுவதும், உறக்கமின்மையும், களைப்பும் இதற்குக் காரணங்கள். ஆதரவாக இருந்தால் இரண்டு வாரத்திற்குள் இது தானே தணிந்து விடும். இரண்டு வாரத்திற்கு மேலும் மனச்சோர்வு நீடித்தால், பிள்ளை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், உணவில் நாட்டமின்றிப் போனால், பிள்ளையைக் கண்டாலும் ஒட்டாமல் இருந்தால், நான் எதற்கும் உதவாதவள் என்று புலம்பினால், அது நோய். கர்ப்ப காலத்திலேயே இது தொடங்குவதும் உண்டு. வளர்ந்து வரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கும், பிள்ளை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 20 பேருக்கும் இத்தகைய மனநலக் குறைவு ஏற்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கின்றது. ஐந்து வீட்டில் ஒரு வீடு! அந்த ஒரு வீடு நம் வீடாக இருக்கலாம் அல்லவா?

ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பெண்களுக்கு இதைவிடக் கடுமையான நிலை வரும். இல்லாத குரல்கள் கேட்கும். சுற்றியிருப்பவர் மீதெல்லாம் சந்தேகம் எழும். நினைவு தடுமாறும். தன்னையோ பிள்ளையையோ மாய்த்துக் கொள்ளும் பேச்சு வரும். அப்போது ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது கடமை.

“காத்துக் கருப்பு பிடிச்சிருக்கு, பேறுகாலக் கோளாறு, ஓதிப் பாத்தாப் போதும்” என்று சொல்வோருண்டு. குர்ஆன் ஓதித் துஆச் செய்வது ஷிஃபாவைத் தரும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அல்லாஹ் எந்த நோயையும் அதற்கான நிவாரணத்தை இறக்காமல் இறக்கவில்லை என்று அறிவித்த பெருமானார் (ஸல்) அவர்கள், வைத்தியம் செய்து கொள்ளுமாறும் ஏவியிருக்கின்றார்கள். ஓதலும் வேண்டும்; மருந்தும் வேண்டும். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்துகள் இன்று இருக்கின்றன. மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். நாமாக நிறுத்தக் கூடாது.

துக்கப்பட்ட உள்ளத்திற்கு உணவாலும் ஆறுதல் தரலாம் என்பதும் சுன்னத்தில் உள்ளது. வாற்கோதுமை மாவில் செய்யும் ‘தல்பீனா’ என்னும் கஞ்சியை நோயாளிக்கும் துயரத்திலிருப்பவருக்கும் கொடுக்குமாறு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லி வந்தார்கள். அது நோயாளியின் உள்ளத்திற்கு இதமளித்துக் கவலையில் சிறிதைப் போக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகவும் அறிவித்தார்கள். உள்ளம் வாடியவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதும் மார்க்கத்தின் ஒரு பகுதி என்று அறிகின்றோம்.

கணவருக்குச் சில சொற்கள்

சூரா அஃராஃபில் ஓர் அழகிய காட்சி வருகின்றது. கர்ப்பம் முதலில் இலேசான சுமையாக இருக்கின்றது. பிறகு கனத்து விடுகின்றது. கனத்ததும் இருவரும் சேர்ந்து தங்கள் இறைவனை அழைக்கின்றார்கள். அங்கே வரும் அரபிச் சொல் இருவரைக் குறிக்கும் சொல். சுமப்பவள் அவளாயினும், கவலையும் துஆவும் இருவருக்கும் உரியவை.

ஆனால் நாம் என்ன செய்கின்றோம்? ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய் வீட்டுக்கு அனுப்பி விட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்று கருதுகின்றோம். வளைகுடா நாடுகளில் உழைக்கும் சகோதரர்களின் நிலை இன்னும் கடினம். பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்த பிறகே முகம் காண்பவர்கள் இருக்கின்றனர். அவர்கள் வேண்டுமென்றா பிரிந்திருக்கின்றனர்? இருந்தாலும், தினமும் தொலைபேசியில் பேசும்போது பிள்ளையைக் காட்டு என்று கேட்பதற்கு முன், “நீ நேத்து தூங்கினியா?” என்று கேட்கலாமே. அந்த ஒரு கேள்விக்குச் செலவில்லை.

வீட்டிலிருப்பவர் இன்னும் செய்யலாம். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிவிடையில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். குழந்தையின் துணியை மாற்றுவதாலோ, இரவில் ஒரு மணி நேரம் தோளில் போட்டு நடப்பதாலோ ஓர் ஆணின் மதிப்புக் குறைந்து விடாது.

தந்தைக்கும் ஒரு மனமுண்டு என்பதை நாம் மறந்து விடுகின்றோம். புதிய செலவு, கடன், உறக்கமின்மை, மனைவியின் நிலை கண்டு ஏற்படும் திகைப்பு எல்லாம் சேர்ந்து அவரையும் வாட்டும். தந்தையரிலும் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்தக் காலத்தில் மனச்சோர்வு உண்டாவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சூரா பகராவில் பாலூட்டல் பற்றிய வசனத்தில், பிள்ளையின் காரணத்தால் தாய்க்கும் தீங்கு நேரக் கூடாது, தந்தைக்கும் தீங்கு நேரக் கூடாது என்று வல்ல நாயன் இருவரையும் குறிப்பிடுகின்றான். பால்குடியை நிறுத்துவதைக்கூட இருவரும் மனமொப்பிக் கலந்து பேசி முடிவு செய்யச் சொல்கின்றான். கலந்து பேசும் வீட்டில் இருவர் மனமும் இலேசாகும். ஆகவே தந்தையாகும் இளைஞரே, உங்கள் பாரத்தையும் நம்பிக்கையான ஒருவரிடம் இறக்கி வையுங்கள்.

மாமியாருக்கும் அண்டை வீட்டாருக்கும்

2002-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு நம்மைத் தலைகுனிய வைக்கின்றது. தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 359 கர்ப்பிணிகளைப் பிரசவத்திற்கு முன்னும் பின்னும் கண்டு மருத்துவர்கள் செய்த ஆய்வு அது. பிள்ளை பெற்ற பிறகு நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்தது. காரணங்களாகத் தெரிந்தவை எவை? வறுமை, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு உதவ ஆளில்லாமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிள்ளை பிறந்தமை. இவற்றில் எத்தனை நம் நாவாலும் நம் கையாலும் விளைந்தவை! நாம் நினைத்தால் தடுக்கக் கூடியவை!

பெண் குழந்தை என்ற செய்தி கேட்டு முகம் கறுத்துப் போனவர்களைச் சூரா நஹ்லில் அல்லாஹ் கண்டிக்கின்றான். அது அறியாமைக் காலத்து அரபியரைப் பற்றியது என்று நாம் ஓதிவிட்டுப் போகின்றோம். மருத்துவமனை வாசலில் “பொம்பளைப் பிள்ளையா?” என்று இழுத்துப் பேசும்போது நம் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். ஆணா பெண்ணா என்பது அல்லாஹ்வின் நாட்டம். உடற்கூறு நூலும் அது தந்தையின் வித்தைப் பொறுத்தே அமைகின்றது என்று சொல்லும்போது, பெற்றவளைக் குறை கூறுவது எந்த நியாயம்? இம்ரானின் மனைவியார் தமக்கு ஆண் பிறக்கும் என்றெண்ணி நேர்ச்சை செய்தார்கள், பிறந்ததோ பெண். அந்தப் பெண்ணைத்தான் அல்லாஹ் அழகிய முறையில் ஏற்றுக் கொண்டான். அவர்தாம் நாம் மேலே கண்ட மரியம் (அலை) அவர்கள்!

கர்ப்பிணியைக் காண வருவோரும் நாவைக் காத்துக் கொள்ள வேண்டும். “எங்க மச்சிக்கு ரெண்டு நாள் வலி எடுத்து...” என்று தொடங்கும் கதைகளை அவளிடம் சொல்வது நலம் விசாரிப்பாகாது. வலி எடுக்கும்போது அவளுக்கு வேண்டிய ஒருவர் அருகிலிருப்பது பெரும் துணை. அவள் விரும்பும் ஒருவரைப் பிரசவ நேரத்தில் உடனிருக்க விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கின்றது. மருத்துவமனையில் முன்கூட்டியே இதைப் பேசி வைத்துக் கொள்ளுங்கள்.

நிஃபாஸ் நாட்களில்

பேற்றுக்குப் பின் தொழுகையும் நோன்பும் இல்லாத நாட்களில் சில பெண்களுக்கு, அல்லாஹ்வை விட்டும் தூரமாகி விட்டோமோ என்றொரு தவிப்பு ஏற்படுகின்றது. அம்மா! அந்த நாட்களில் தொழாதிருப்பதும் அல்லாஹ்வின் கட்டளைக்குக் கீழ்ப்படிதல்தான். விடுபட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. நோன்பை மட்டும் பின்னர் நோற்க வேண்டும். திக்ரும் ஸலவாத்தும் துஆவும் எப்போதும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. ஹனஃபி மத்ஹபில் நிஃபாஸின் உச்ச அளவு 40 நாள்; ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். இவை உச்ச வரம்பே. அதற்கு முன் இரத்தம் நின்று விட்டால் குளித்துத் தொழலாம், தொழவும் வேண்டும். நாற்பது குளிப்பு வரை காத்திருப்பது மார்க்கத்தின் நிபந்தனையன்று.

அந்த நாட்களில் அவளை ஒரு மூலையறையில் ஒதுக்கி வைப்பதும் மார்க்கமன்று. ஹிஜ்ரி 10-ல் இறுதி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது துல்ஹுலைஃபாவில் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் முஹம்மத் பின் அபீபக்ர் அவர்களைப் பெற்றெடுத்தார்கள். என்ன செய்வது என்று அவர்கள் கேட்டனுப்ப, குளித்து, துணி கட்டிக் கொண்டு, இஹ்ராம் கட்டுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பதில் அனுப்பினார்கள். பச்சை உடம்புக்காரி என்று அவர்களை அந்தப் புனிதப் பயணத்திலிருந்து விலக்கவில்லை. நம் வீட்டிலும் அவளை எல்லோரோடும் சேர்த்து உட்கார வையுங்கள். பேச்சில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரையும் மறக்க வேண்டாம். “இன்னொண்ணு பிறக்கும், விடு” என்பது ஆறுதலாகாது. தம் ஏழு மக்களில் அறுவரைத் தம் வாழ்நாளிலேயே இழந்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். மகன் இப்றாஹீம் மடியில் உயிர் துறந்தபோது அவர்கள் கண்கள் நீர் சொரிந்தன. அது அல்லாஹ்வின் அருளிரக்கம் என்றும் கூறினார்கள். அழுபவளை அழ விடுங்கள். உடனிருங்கள்.

பெரிய படிப்பு வேண்டியதில்லை

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டுமோ என்று தயங்க வேண்டாம். பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சேர்ந்த கிராமங்களில் நடந்த ஒரு முயற்சியின் முடிவு 2008-ல் வெளியாயிற்று. கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வு கண்டிருந்த 903 தாய்மார்கள் அதில் இருந்தனர். மனநல மருத்துவர்கள் வீடு வீடாகச் செல்லவில்லை. அந்தந்த ஊரிலேயே வாழும், பள்ளிப் படிப்பு மட்டும் கொண்ட சுகாதாரப் பணிப்பெண்களுக்கு எளிய பயிற்சி கொடுத்தனர். ஒரு பகுதியில் அவர்கள் வீட்டுக்குச் சென்று தாயின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள். தவறான எண்ணங்களை மெல்ல மாற்றினார்கள். குடும்பத்தாரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார்கள். இன்னொரு பகுதியில் வழக்கமான பணிப்பெண்கள் இந்தப் பயிற்சியின்றி அதே அளவு வந்து போனார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், பயிற்சியில்லாத பகுதியில் நூற்றுக்கு 53 பேருக்கு நோய் இருந்தது. பயிற்சி பெற்றவர்கள் சென்ற பகுதியில் 23 பேருக்கு மட்டுமே. வந்து போகும் எண்ணிக்கை ஒன்றுதான். காது கொடுத்துக் கேட்கும் முறையில்தான் வேறுபாடு!

நம் மஹல்லாக்களில் இதைச் செய்ய முடியாதா? நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கும் ஜமாஅத், பேறுகால வீடுகளையும் நினைவில் வைத்துக் கொள்ளலாம். அனுபவமும் பொறுமையுமுள்ள நாலைந்து தாய்மார்கள் முறை வைத்துச் சென்று பார்க்கலாம். ஒரு வேளைச் சோறு சமைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பிள்ளையை வைத்துக் கொண்டு, தாயை உறங்க விட்டு வந்தால் போதும். வெள்ளிக்கிழமை பயானில் ஆண்களுக்கு இது சொல்லப்பட வேண்டும். உதவி தேவைப்படுவோர் 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். 2022 முதல் அது செயல்பட்டு வருகின்றது. வீட்டுப் பெரியவர்கள் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

கேட்பது எப்படி என்றும் சொல்லி விடுகின்றேன். தனியே உட்காருங்கள். “எப்படிம்மா இருக்க? மனசு நல்லா இருக்கா?” என்று கேளுங்கள். அவள் சொல்வதை முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். அவள் அழுதால் நிறுத்தாதீர்கள். பாசமே வரவில்லை என்று சொன்னால் திடுக்கிடாதீர்கள். அது நோயின் பேச்சு, அவள் குணமன்று. ஃபத்வா கொடுக்காதீர்கள். “நான் இருக்கேன்” என்று சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள். அன்று நான் சொல்லத் தவறிய சொல் அதுதான்.

இப்போதெல்லாம் தொழுகையில் நிற்கும்போது அக்கம்பக்கத்தில் ஒரு குழந்தை அழுதால் என் நெஞ்சு துணுக்குறுகின்றது. அந்த அழுகையின் பின்னே ஒரு தாய் இருக்கின்றாள் என்பது நினைவுக்கு வருகின்றது. நாயகம் (ஸல்) அவர்களின் செவிக்கு முதலில் எட்டியது அவள் மனம்தான். எனக்கோ அது பல ஆண்டுகள் தாமதமாகவே எட்டியது. உங்களில் யாருக்கும் அந்தத் தாமதம் நேர வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் பத்திரிகையை மடித்து வைத்து விட்டு, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிள்ளைத்தாய்ச்சி யாரேனும் இருந்தால் சென்று நலம் கேளுங்கள்.

யா அல்லாஹ்! மூஸா நபியின் தாயாருடைய உள்ளத்தைப் பிணைத்து உறுதிப்படுத்தியது போல எங்கள் தாய்மார்களின் உள்ளங்களையும் உறுதிப்படுத்துவாயாக! மரியம் (அலை) அவர்களின் கண்ணைக் குளிரச் செய்தது போல அவர்களின் கண்களையும் குளிரச் செய்வாயாக! எங்கள் நாவுகளைக் காயப்படுத்தாத நாவுகளாகவும், எங்கள் செவிகளைக் கேட்கும் செவிகளாகவும் ஆக்கியருள்வாயாக! எங்கள் சந்ததிகளை ஸாலிஹான சந்ததிகளாக்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.